இரண்டு இரவுப் பயணத்துக்கு வட்டாரமே முதல் தேர்வு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வார இறுதியில் ஏதேனும் ஒரு பெருநகருக்குச் சென்று இரண்டு இரவுகள் தங்கித் திரும்புவோருக்காகத் தங்கள் நாளிதழின் பயணப் பக்கத்தில் வெளியான கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன். விமானச் சீட்டை எப்போது எடுப்பது, பெட்டியில் எதை வைப்பது, எதை விடுவது என்பவையெல்லாம் பயன்படும்படி சொல்லப்பட்டிருந்தன. ஆனால் தங்குமிடத்தைப் பற்றிப் பேச வந்த இடத்தில், விடுதிகளை நட்சத்திர எண்ணிக்கைப்படியும் வாடகைப்படியும் வரிசைப்படுத்திப் பார்த்து, மதிப்பெண் அதிகமாக உள்ள ஒன்றை முன்பதிவு செய்தால் போதும் என்று கட்டுரை முடிந்துவிட்டது. அந்த விடுதி நகரின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்ற கேள்வி ஓரிடத்திலும் எழவில்லை. குறுகிய பயணத்தின் நிறைவும் குறைவும் பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியைப் பொறுத்தே அமைகின்றன என்பது என் உறுதியான கருத்து என்பதால், சற்று விரிவாகவே எழுத அனுமதி வேண்டுகிறேன்.

பத்து நாள் பயணமும் இரண்டு நாள் பயணமும் ஒரே கணக்கில் அடங்குவன அல்ல. பத்து நாள் தங்குபவர் முதல் நாள் வழி தவறலாம், இரண்டாம் நாள் களைத்துப் படுக்கலாம். மூன்றாம் நாளிலிருந்து ஊர் பிடிபட்டுவிடும். இரண்டு நாள் தங்குபவருக்கு அந்த மூன்றாம் நாளே கிடையாது. வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குச் சென்று சேர்ந்து, ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு விமான நிலையத்துக்குக் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை காலை எட்டு முதல் இரவு பத்து வரை 14 மணி நேரம், ஞாயிறு காலை எட்டு முதல் மூன்று வரை 7 மணி நேரம், ஆக மொத்தம் நம் கையில் இருப்பது 21 மணி நேரம். நாம் பார்க்க விரும்பும் இடங்களிலிருந்து விடுதி முக்கால் மணி நேரத் தொலைவில் இருந்தால், சனிக்கிழமை நடுப்பகலில் சற்று ஓய்வெடுக்கத் திரும்பி மாலையில் மீண்டும் வெளியே செல்பவருக்கு அன்று மட்டும் மூன்று மணி நேரம் வழியிலேயே கழியும். ஞாயிறன்று போவதற்கும், பெட்டியை எடுக்கத் திரும்புவதற்கும் இன்னும் ஒன்றரை மணி நேரம். இருபத்தொன்றில் நான்கரை, அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், போக்குவரத்துக்கே போய்விடுகிறது. நடுப்பகலில் திரும்பவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாலும் ஏழில் ஒரு பங்கு போகும். அதே விடுதி பதினைந்து நிமிடத் தொலைவில் இருந்தால், நடுப்பகல் ஓய்வையும் சேர்த்து வழியில் செலவாவது ஒன்றரை மணி நேரம்தான்.

இந்தக் கணக்கை நான் புத்தகத்திலிருந்து கற்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், எழுபது வயதைக் கடந்த என் தாயாரையும் பள்ளியில் படிக்கும் என் மகளையும் அழைத்துக்கொண்டு, நடுவே பெரிய ஆறு ஓடும் ஒரு நகரத்துக்கு இரண்டு இரவுகளுக்காகச் சென்றிருந்தேன். முன்பதிவுத் தளத்தில் அந்த விடுதியின் பெயருக்குக் கீழே, பழைய நகரச் சதுக்கத்திலிருந்து 1.2 கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. கூப்பிடு தூரம்தான் என்று மனம் நிறைந்து பணத்தையும் கட்டிவிட்டேன். அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, சதுக்கம் ஆற்றின் அந்தக் கரையில், விடுதி இந்தக் கரையில். சன்னலைத் திறந்தால் கோபுரம் கண்ணெதிரே தெரியும். ஆனால் பாலத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தால் மூன்று கிலோமீட்டருக்கும் மேல். பேருந்து இருந்தது என்றாலும் சனி, ஞாயிறுகளில் அதன் எண்ணிக்கையைக் குறைத்துவிடுவார்கள் என்பதை நிறுத்தத்தில் ஒட்டியிருந்த கால அட்டவணையைப் பார்த்துத்தான் அறிந்தேன். முதல் நாள் மாலை என் தாயார், "நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் அறையிலேயே இருக்கிறேன்" என்று சொன்னார்கள். அவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஏற்பாடு செய்த பயணம் அது. விடுதியில் குறை சொல்ல ஏதுமில்லை. அறை தூய்மையாக இருந்தது, பணியாளர்கள் அன்பாக நடந்துகொண்டார்கள், தளத்தில் அதற்குக் கிடைத்திருந்த உயர்ந்த மதிப்பெண் முழுக்கவும் நியாயமானதே. தவறு இடத்தைத் தேர்ந்தெடுத்த என்னுடையது. அதை இன்றும் நினைத்து வருந்துகிறேன்.

முன்பதிவுத் தளங்களில் காணும் அந்தத் தூரம் பெரும்பாலும் நேர்கோட்டுத் தூரம், அதாவது பறவை பறக்கும் தூரம். ஆறு, ரயில் தண்டவாளம், விரைவுச்சாலை, சுவரிட்ட பூங்கா எதுவும் அந்தக் கோட்டைத் தடுப்பதில்லை. நம் காலைத் தடுக்கின்றன. மேடும் பள்ளமும் அதில் தெரிவதில்லை. ஏழு குன்றுகளின் நகரம் என்று பெயர் பெற்ற லிஸ்பனில், அல்ஃபாமா என்ற பழைய பகுதி வரைபடத்தில் ஆற்றங்கரையை ஒட்டிய சிறு திட்டாகத் தோன்றும். அங்கே அரை கிலோமீட்டர் என்பது பல இடங்களில் படிக்கட்டுகளாலும் செங்குத்தான கல் பாவிய சந்துகளாலும் ஆன அரை கிலோமீட்டர். சக்கரம் வைத்த பெட்டியை அதன் மேல் இழுத்துச் சென்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். மாறாக, நீர் எப்போதும் தடையாகத்தான் இருக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. ஹாங்காங்கில் கவுலூன் கரையில் தங்குபவர், நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கும் படகில் ஏறிப் பத்து நிமிடம் போல அமர்ந்திருந்தால் எதிர்க்கரையின் மையப் பகுதியில் இறங்கிவிடலாம். அந்தக் கடப்பே பயணத்தின் இனிய பகுதியாகவும் அமைந்துவிடுகிறது. ஆகவே தூரத்தின் எண்ணை விட்டுவிட்டு, வழி என்னவென்று பார்க்க வேண்டும். கைபேசி வரைபடத்தில் விடுதியின் வாசலைத் தொடக்கமாகவும், நாம் போக வேண்டிய இடத்தை முடிவாகவும் குறித்து, நடைவழி எவ்வளவு நேரம், பொதுப் போக்குவரத்தில் எவ்வளவு நேரம் என்று பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். அதுவும் நாம் உண்மையில் பயணம் செய்யப்போகும் கிழமையையும் மணியையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்குப் பார்க்கும் விடை, ஞாயிறு காலை ஏழு மணிக்கோ சனி இரவு பதினொன்றரைக்கோ செல்லாது.

'நகர மையத்தில்' என்ற சொல்லையும் எச்சரிக்கையுடன் அணுக வேண்டும். எந்த மையம்? டோக்கியோவுக்கு ஒரே ஒரு மையம் என்பது கிடையாது. அங்கே யமானோட்டே என்னும் ரயில் பாதை 34.5 கிலோமீட்டர் நீளத்துக்கு, 30 நிலையங்களுடன், நகரைச் சுற்றி வளையமாக ஓடுகிறது. ஷின்ஜுக்கு, ஷிபுயா, உயேனோ, டோக்கியோ என்று அந்த வளையத்தின் மேல் அமைந்த பெரிய நிலையங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி நகர மையம் போன்றவை. கிழக்குப் பக்கத்துக் கோயில்களையும் அருங்காட்சியகங்களையும் பார்க்கப் போகிறவர் மேற்குப் பக்கத்து ஷின்ஜுக்குவில் தங்கினால், தாம் மையத்தில் தங்கியிருப்பதாக நினைத்துக்கொண்டே நாள்தோறும் நகரத்தைக் கடந்துகொண்டிருப்பார். பாரிஸோ வேறு வகை. அது 1860 முதல் 20 வட்டங்களாக, அதாவது எண்ணிட்ட நிர்வாகப் பகுதிகளாக, பிரிக்கப்பட்டிருக்கிறது. முதல் வட்டம் நடுவில் லூவ்ரு அருங்காட்சியகத்தைச் சுற்றி அமைய, மற்றவை நத்தை ஓட்டின் சுழலைப் போலக் கடிகார முள் செல்லும் திசையில் விரிந்து செல்கின்றன. அந்நகரின் அஞ்சல் குறியீட்டில் கடைசி இரண்டு எண்களே வட்டத்தின் எண்கள்: 75004 என்றால் நான்காம் வட்டம், 75019 என்றால் பத்தொன்பதாம் வட்டம். 92, 93, 94 என்று தொடங்கினால், விடுதியின் பெயரில் பாரிஸ் என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் அது நகர எல்லைக்கு வெளியே இருக்கிறது. முகவரியின் ஓர் எண்ணே இவ்வளவையும் சொல்லிவிடும்போது, வண்ணப் படங்களில் மட்டும் கண்ணை ஓட்டுவது ஏன்?

நான் இப்போது பின்பற்றும் முறையைச் சொல்கிறேன். விடுதிகளைத் தேடுவதற்கு முன்பே, அந்த இரண்டு நாட்களில் கட்டாயம் பார்க்க வேண்டியவை என்று நினைக்கும் ஐந்தாறு இடங்களை வரைபடத்தில் புள்ளி புள்ளியாகக் குறித்துவிடுகிறேன். மாலையில் எங்கே உலாவ விரும்புகிறோம் என்பதையும் அதில் ஒரு புள்ளியாகச் சேர்க்கிறேன். பகலில் பார்க்கும் இடத்தைவிட அதுதான் முக்கியம், ஏனெனில் அங்கிருந்துதான் களைத்த காலுடன் திரும்ப வேண்டியிருக்கும். புள்ளிகள் பெரும்பாலும் ஏதோ ஓரிடத்தில் கூட்டமாக அமையும். அந்தக் கூட்டத்துக்குள்ளோ, அல்லது ரயில் மாறாமல் ஒரே பாதையில் அந்தக் கூட்டத்தை அடையக்கூடிய இடத்திலோ தேட வேண்டும். ஒற்றைப் புள்ளி ஒன்று வெகு தொலைவில் தனியாக நின்றால், இந்தப் பயணத்தில் அதை விட்டுவிடலாமா என்று குடும்பத்தாருடன் பேசுகிறோம். இவ்வாறு செய்தபின் விடுதிகளைப் பார்த்தால், நூற்றுக்கணக்கில் மலைக்க வைத்த பட்டியல் பத்துப் பதினைந்தாகச் சுருங்கிவிடுகிறது.

விமான நிலையத்தையும் ஒரு புள்ளியாகக் குறிக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரே நகரின் பெயரில் இரண்டு, மூன்று விமான நிலையங்கள் இருப்பதுண்டு. டோக்கியோவின் நரிட்டா நிலையம் நகர மையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்; ஹனேடா சுமார் 15 கிலோமீட்டர். சலுகைக் கட்டண விமானங்கள் பாரிஸ் என்று குறிப்பிடும் போவே நிலையம் நகரிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. இஸ்தான்புல்லில் ஒரு நிலையம் ஐரோப்பியக் கரையிலும் சபிஹா கோக்சென் நிலையம் ஆசியக் கரையிலும் இருக்கின்றன. பழைய நகரத்தின் பெரிய பள்ளிவாசல்களும் அரண்மனையும் ஐரோப்பியக் கரையில் உள்ளன. ஆசியக் கரையில் இறங்கிப் பழைய நகரத்தில் தங்க ஏற்பாடு செய்தவர், நள்ளிரவில் இரு கரைகளையும் பிரிக்கும் நீரிணையைக் கடக்க வழி என்ன என்பதைச் சீட்டு வாங்கும் முன்பே பார்த்திருக்க வேண்டும். சீட்டில் மிச்சமான பணம் வாடகைக் காரில் போய்விடுவது இப்படித்தான்.

கடைசி ரயில் எப்போது என்பதும் வட்டாரத்தைப் பற்றிய கேள்வியே. டோக்கியோவின் ரயில்கள் நள்ளிரவையொட்டி நின்று, மறுநாள் காலை ஐந்து மணி அளவில்தான் மீண்டும் ஓடத் தொடங்குகின்றன. லண்டனில் சுரங்க ரயில்கள் சில பாதைகளில் இரவு முழுவதும் ஓடும் ஏற்பாடு 2016-இல் வந்தது; ஆனால் அது வெள்ளி, சனி இரவுகளுக்கு மட்டுமே. ஞாயிறு இரவு இசை நிகழ்ச்சிக்குச் சென்றுவிட்டு, முந்தைய இரவைப் போலவே திரும்பிவிடலாம் என்று நினைத்தால் நிலையத்தின் கதவு மூடியிருக்கும்.

நிலையத்துக்கு அருகில் தங்குவது என்ற பொதுவான அறிவுரையில் உண்மை இருக்கிறது. ஆனால் அதையும் திறந்து பார்க்க வேண்டும். ஷின்ஜுக்கு நிலையத்துக்கு 200-க்கும் மேற்பட்ட வாயில்கள் இருக்கின்றன. "நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம்" என்று விளம்பரம் சொல்லும்போது, அந்த ஐந்து நிமிடம் எந்த வாயிலிலிருந்து என்று கேட்க வேண்டும். தவறான வாயிலில் வெளியேறினால் ஐந்து இருபதாகிவிடும். அந்த வாயிலில் லிப்ட் உண்டா என்பது முதியவர்களுடனும் குழந்தை வண்டியுடனும் செல்பவர்களுக்கு அதைவிட முக்கியம். பல நகரங்களின் பழைய சுரங்க ரயில் நிலையங்களில் இன்றும் படிக்கட்டு மட்டுமே உள்ள வாயில்கள் ஏராளம். ரயில் மாறுவதும் அப்படித்தான். வரைபடத்தில் 25 நிமிடம் என்று காட்டும் நேரடிப் பாதையும், இரண்டு முறை மாறி 20 நிமிடத்தில் சேர்க்கும் பாதையும் இருந்தால், பெட்டியுடன் செல்பவர் தயங்காமல் முதலாவதையே தேர்ந்தெடுக்கலாம்.

இனி, வட்டாரத்தின் இயல்பு. பகலில் பரபரப்பாக இருக்கும் அலுவலகப் பகுதிகள் வார இறுதியில் வெறிச்சோடிவிடும். லண்டனின் தொன்மையான வணிக மையமான 'சிட்டி'யில், 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வசிப்பவர்கள் சுமார் 8,600 பேர். வேலை நாட்களில் அங்கே வந்து போகிறவர்களோ ஐந்து லட்சத்துக்கும் மேல். அந்த லட்சங்கள் சனிக்கிழமை வருவதில்லை என்பதால் அவர்களை நம்பித் திறந்திருந்த கடைகள் பலவும் மூடிக்கிடக்கும். இத்தகைய பகுதிகளில் அலுவல் நிமித்தம் தங்குவோர் இல்லாத வார இறுதிகளில் வாடகை குறைவதும் உண்டு. அமைதியாகத் தூங்க வேண்டும், நல்ல ரயில் வசதியும் வேண்டும், இரவில் வெளியே அலையப் போவதில்லை என்பவருக்கு அது நல்ல பேரம். மாலை ஏழு மணிக்கு மேல் தெருவில் மனித நடமாட்டத்தைக் காண வேண்டும் என்று வந்தவருக்கு அது ஏமாற்றம். இரண்டில் தாம் யார் என்பதை அவரவர்தாம் முடிவு செய்ய வேண்டும். மதிப்பெண் அதைச் சொல்லாது. இதற்கு நேர்மாறாக, கேளிக்கைத் தெருவின் மேலேயே அமைந்த விடுதிகளில் அதிகாலை மூன்று மணி வரை தூக்கம் வராது. ஒரு தெரு தள்ளி, உட்புறம் நோக்கிய அறையைக் கேட்டு வாங்கினால் அருகாமையும் கிடைக்கும், உறக்கமும் கிடைக்கும்.

தனியாகப் பயணம் செய்யும் பெண்கள் இந்த விஷயத்தில் எனக்கு நிறையக் கற்றுத் தந்திருக்கிறார்கள். பணி நிமித்தம் அடிக்கடி வெளியூர் செல்லும் என் தங்கை, எந்த விடுதியையும் முன்பதிவு செய்வதற்கு முன், வரைபடத்தின் தெருக்காட்சிப் படத்தில் நிலையத்து வாயிலிலிருந்து விடுதியின் வாசல்வரை திரையிலேயே நடந்து பார்த்துவிடுவாள். தெருவிளக்குகள் இருக்கின்றனவா, நடைபாதை உண்டா, வழியில் நெடுஞ்சுவர்களும் வாகன நிறுத்தங்களும் மட்டும்தானா அல்லது கடைகளும் குடியிருப்புகளும் உள்ளனவா, மேம்பாலத்துக்கு அடியில் செல்ல வேண்டுமா என்று பார்ப்பாள். 'பாதுகாப்பான பகுதி', 'பாதுகாப்பற்ற பகுதி' என்று ஒரு பெரிய வட்டாரத்தையே முத்திரை குத்தும் பட்டியல்களை அவள் நம்புவதில்லை. அவளுக்கு வேண்டியது அந்த முந்நூறு மீட்டர் மட்டுமே. அவளைப் பார்த்துத்தான் நானும் அதைச் செய்யத் தொடங்கினேன். படம் எடுக்கப்பட்ட ஆண்டையும் பார்த்துக்கொள்வது நல்லது.

இத்தனைக்குப் பிறகே விடுதி வருகிறது. நட்சத்திரங்களைப் பற்றித் தங்கள் கட்டுரை மிகுந்த நம்பிக்கையோடு பேசியதால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: உலகம் முழுவதற்கும் பொதுவான நட்சத்திர அளவுகோல் என்று ஒன்று இல்லை. 2009-இல் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றின் விடுதிச் சங்கங்கள் ஒன்றுகூடித் தமக்குள் ஒரு பொது முறையை உருவாக்கின; பிரான்சு தனக்கென ஒரு முறையை வைத்திருக்கிறது; வேறு சில நாடுகளில் அரசே நட்சத்திரம் வழங்குகிறது; சில இடங்களில் முன்பதிவுத் தளமோ விடுதியோ தானே போட்டுக்கொள்வதும் நடக்கிறது. மேலும் நட்சத்திரம் அளப்பது பெரும்பாலும் வசதிகளின் பட்டியலை: வரவேற்பு மேசை எத்தனை மணி நேரம் திறந்திருக்கும், அறைக்குள் என்னென்ன சாதனங்கள் உள்ளன என்பன போன்றவை. நீச்சல் குளத்தில் இறங்கவே நேரமில்லாத இரண்டு நாள் பயணிக்கு, அந்தக் குளத்துக்காகக் கூடிய நட்சத்திரத்தால் என்ன பயன்?

அவருக்குப் பயன்படும் வசதிகள் வேறு. காலை ஒன்பது மணிக்கே வந்து சேர்ந்தால், அறை தயாராகும் பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிவரை பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வார்களா? ஞாயிறு காலை அறையைக் காலி செய்த பிறகும் மாலைவரை வைத்திருப்பார்களா? நள்ளிரவில் வந்தால் கதவைத் திறக்க ஆள் உண்டா? லிப்ட் உண்டா, அது தரைத் தளத்திலிருந்தே தொடங்குகிறதா? ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்க்கரைப் பழைய வீடுகளில் அமைந்த சிறு விடுதிகள் பலவற்றில் ஏணியைப் போன்ற செங்குத்தான படிகளே உள்ளன. அறையில் இருப்பது ஒரே இரட்டைக் கட்டிலா, இரண்டு தனிக் கட்டில்களா? நண்பர்களாகவோ தாயும் மகனுமாகவோ செல்பவர்கள் 'டபுள்' என்பதையும் 'ட்வின்' என்பதையும் ஒன்றென நினைத்துப் பதிவு செய்துவிட்டு வரவேற்பு மேசையில் நின்று சங்கடப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். அறையின் சதுர மீட்டர் கணக்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். அகலக் கோண வில்லையால் எடுத்த படம் பெட்டியை விரிக்க இடமில்லாத அறையையும் கூடம் போலக் காட்டும்.

மற்றவர்கள் எழுதும் கருத்துகளைப் படிக்கும்போது, பத்துக்குப் பத்து கொடுத்தவர்களையும் ஒன்று கொடுத்தவர்களையும் விட, ஆறும் ஏழும் கொடுத்தவர்களே எனக்கு உதவியிருக்கிறார்கள். குறையையும் நிறையையும் சேர்த்து எழுதுகிறவர்கள் அவர்கள்தாம். அண்மைய மாதங்களில் எழுதப்பட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றுக்குள் 'சத்தம்', 'படிக்கட்டு', 'நடை', 'நிலையம்', 'கட்டுமானம்' என்ற சொற்களைத் தேடுவேன். "இடம் சற்றுத் தள்ளி இருந்தது, ஆனால் பரவாயில்லை" என்று ஒருவர் எழுதியிருந்தால், அவர் எத்தனை இரவு தங்கினார், கார் வைத்திருந்தாரா என்று பார்ப்பேன். ஒரு வாரம் தங்கியவருக்குப் பரவாயில்லை என்பது எனக்குப் பொருந்தாது.

குறுகிய வாடகைக்கு விடும் அடுக்குமாடி வீடுகளைப் பற்றியும் கட்டுரை பரிந்துரைத்திருந்தது. பெரிய குடும்பமாக ஐந்தாறு நாள் தங்குபவர்களுக்கு அவை பயன்படலாம். இரண்டு இரவுகளுக்கு நான் அவற்றைத் தவிர்க்கிறேன். சாவியை எங்கேயோ ஒரு பெட்டியில் எண் போட்டு எடுக்க வேண்டும். நம் பயணப் பெட்டியை விட்டுவைக்க இடமிராது. தூய்மைக் கட்டணம் இரண்டு இரவுக்கும் பத்து இரவுக்கும் ஒன்றாகவே இருக்கக்கூடும் என்பதால் ஓர் இரவுக்கான உண்மையான வாடகை கூடிவிடும். சட்டமும் மாறிக்கொண்டிருக்கிறது. நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல் நடைமுறைப்படுத்தப்படும் விதியின்படி, 30 நாட்களுக்குக் குறைவாக வாடகைக்கு விடும்போது வீட்டுக்காரர் அதே வீட்டில் இருக்க வேண்டும், விருந்தினரும் இருவருக்கு மேல் கூடாது. பார்சிலோனா நகராட்சி, சுமார் 10,000 சுற்றுலா வீடுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக 2024-இல் அறிவித்தது. அந்த ஊர்களில் வாழ்பவர்களுக்கு வீடு கிடைக்காமல் போவதே இவற்றின் பின்னணி. இரண்டு நாள் பார்த்துவிட்டுப் போகும் நாம், அங்கேயே வாழ வேண்டியவரின் வீட்டுக்கு வாடகை ஏறக் காரணமாக வேண்டாம் என்பது என் சொந்த மனச்சாட்சி. பிறர் வேறாக நினைக்கலாம். ஆனால் உரிம எண் இல்லாத வீட்டை முன்பதிவு செய்து, கடைசி நேரத்தில் அது நீக்கப்பட்டுவிட்டால், இரண்டு நாள் பயணத்தில் மாற்றிடம் தேட நேரமே இருக்காது என்பதை எவரும் மறுக்க முடியாது.

விலையை ஒப்பிடும்போது இறுதித் தொகையையே ஒப்பிட வேண்டும். தங்கும் வரி பல நகரங்களில் விடுதியில் தனியாக வசூலிக்கப்படுகிறது. அமெரிக்காவில், விடுதிகளும் குறுகிய கால வாடகை வீடுகளும் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்தத் தொகையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற மத்திய விதி 2025 மே 12 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதுவரை முதலில் ஒரு தொகையும் கடைசியில் வேறொரு தொகையும் காண்பது அங்கே வழக்கமாகவே இருந்தது. இந்த விஷயத்தில் இதற்கு மேல் சொல்ல எனக்கு ஏதுமில்லை.

மையமான பகுதியில் வாடகை அதிகம், எல்லோராலும் கொடுக்க முடியாது என்று வாசகர்கள் சொல்லக்கூடும். அது முழுக்க நியாயமான எதிர்வாதம். அதை ஒதுக்கிவிட்டு நான் பேச விரும்பவில்லை. தள்ளித் தங்குவதே அறிவுடைமையாக இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. வெனிஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கடற்கழியின் நடுவே உள்ள அந்தப் பழைய நகரத்தில் தங்குவதைவிட, நிலப்பகுதியில் உள்ள மெஸ்த்ரேயில் தங்கினால் பெரும்பாலும் வாடகை குறைவு. ரயிலில் சுமார் பத்து நிமிடத்தில் வந்துவிடலாம். நானூறுக்கும் மேற்பட்ட பாலங்களின் படிகளில் பெட்டியைத் தூக்கி ஏறி இறங்கும் துன்பமும் இல்லை. மெஸ்த்ரே அதே நகராட்சியைச் சேர்ந்தது என்பதால், பகல் நேரப் பயணிகளிடம் குறிப்பிட்ட நாட்களில் வசூலிக்க 2024-இல் வெனிஸ் கொண்டுவந்த நுழைவுக் கட்டணத்திலிருந்தும் அங்கே தங்குபவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் பகல் கூட்டம் வடிந்த பின் அந்நகரத்தின் சந்துகளில் நீரின் ஓசை மட்டும் கேட்கும் இரவு நேரமும், கடைகள் திறக்காத அதிகாலையும், உள்ளே தங்கியவருக்கே எளிதில் கிடைக்கின்றன. எனவே, ஒரே பணத்தில் மெஸ்த்ரேயில் மூன்று இரவா, உள்ளே இரண்டு இரவா என்று கேட்டால், இரண்டே இரவு உள்ளே தங்குவதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். மற்ற நகரங்களிலும், மையத்தில் ஒரு பெரிய அறைக்குப் பதிலாக ஒரு சிறிய அறை, நான்கு நட்சத்திரத்துக்குப் பதிலாக இரண்டு நட்சத்திரம், சுற்றுலாக் காலத்துக்குப் பதிலாக இரண்டு வாரம் தள்ளிய தேதி என்று வேறொன்றை விட்டுக்கொடுத்து, இடத்தைக் காப்பாற்ற முடியும். அதுவும் இயலாவிட்டால், தொலைவில் இருந்தாலும் ரயில் மாற வேண்டாத, நிலைய வாசலை ஒட்டிய விடுதி, பேருந்தை நம்பி நிற்க வேண்டிய நடுத்தரத் தொலைவு விடுதியைவிட மேலானது.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இது. பயணப் பக்கத்தில் ஒரு நகரத்தைப் பற்றி எழுதும்போது, விடுதிப் பட்டியலுக்கு முன்பாக அந்நகரின் மூன்று நான்கு வட்டாரங்களை ஒரு சிறு வரைபடத்துடன் அறிமுகம் செய்யுங்கள்: எது யாருக்குப் பொருந்தும், மாலையில் அது எப்படி இருக்கும், எங்கே மேடு, எங்கே ஆறு என்று எழுதுங்கள். ஒவ்வொரு விடுதியின் பெயருக்குக் கீழும் நட்சத்திரத்தை அச்சிடும் இடத்தில் நான்கு விவரங்களைச் சேருங்கள். நிலைய வாயிலிலிருந்து நடக்க எத்தனை நிமிடம், விமான நிலையத்திலிருந்து எத்தனை முறை வண்டி மாற வேண்டும், சனிக்கிழமை கடைசி ரயில் எத்தனை மணிக்கு, லிப்ட் உண்டா. எழுதும் நிருபர் ஒருமுறை பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்து பார்த்துவிட்டு எழுதினால் இன்னும் நல்லது. என் தாயாருக்கு இப்போது எழுபத்தாறு வயது. வரும் குளிர்காலத்தில் அவர்களை மீண்டும் ஒரு நகரத்துக்கு இரண்டு இரவுகளுக்காக அழைத்துச் செல்ல இருக்கிறேன். தங்கள் பயணப் பக்கம் அதற்குள் அந்த நான்கு விவரங்களுடன் வருமானால், அதை முதலில் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளும் வாசகர்களில் நானும் ஒருவனாக இருப்பேன்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்